எச்சில் படாத தேம்பர்

சௌந்தரத்தைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டிய கடமை எனக்குக் கிடையாது. ஆறு வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தும் என் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை அவள். ஆனாலும் சைகோனில் வாழ்ந்த எங்கள் ஆட்களில், கையில் காசில்லாமல் ஒரு குடும்பத்தை நடத்தத் தெரிந்தவள் யார் என்று கேட்டால் அவள் பெயரைத்தான் சொல்வேன். அவளை இந்த ஊரைவிட்டு அனுப்பியது யார் என்று கேட்டாலும் என்னிடம் பதில் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவள் காரைக்காலில் பிறந்தவள். பதினெட்டு வயதில் சேஷாசலத்துக்குக் கழுத்தை நீட்டிக் கப்பலேறி வந்தாள். அவர் இங்கே நிலவரி ஆபீசில் கொமி, அதாவது குமாஸ்தா. மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஒன்று அவர்களுடையது, அடுத்தது என்னுடையது. நடுவில் வெறும் பலகைச் சுவர். நான் புதுச்சேரிக் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா பட்டாளத்தோடு வந்து, இங்கேயே தங்கி, இங்கேயே செத்தார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கத்தினா தெருவில் வெள்ளைக்காரர்கள் சாமான் வாங்கும் பெரிய கடை ஒன்றில் பணம் வாங்கிப் போடும் வேலை பார்த்தேன். பிரெஞ்சு எனக்குத் தமிழைவிட நன்றாக வரும்.

என் தாத்தா ஞானஸ்நானம் வாங்குவதற்கு முன்னால் ஊரில் எந்தப் பக்கம் குடியிருந்தார் என்பது சௌந்தரத்துக்குத் தெரியும். யாரிடமோ விசாரித்து வைத்திருந்தாள். இத்தனை கடல் தாண்டியும் அந்த ஒன்றை மட்டும் பத்திரமாக மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். "ஜெர்மேன், நல்லாருக்கியா?" என்று வாய் நிறையக் கேட்பாள். என்னைவிட மூன்று வயது மூத்தவள், நான் அக்கா என்பேன். காப்பி கொண்டுவரட்டுமா என்றால், "இப்பதாம்மா குடிச்சேன்" என்பாள். ஆறு வருஷமாக அவள் இப்போதுதான் குடித்திருந்தாள்.

முப்பத்து மூன்றாம் வருஷம் ஆபீஸ்களில் சம்பள வெட்டு விழுந்தது. ரப்பரும் போச்சு, அரிசியும் போச்சு என்று எல்லாரும் தலையில் கை வைத்துக்கொண்டிருந்த காலம். எங்கள் ஆட்களில் பலபேர் பெண்டாட்டி பிள்ளைகளைக் கப்பலேற்றிவிட்டு, நாலு பேராகச் சேர்ந்து ஓர் அறையில் சமைத்துத் தின்றார்கள். சேஷாசலமும் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பேச்சை எடுத்தார். பலகைச் சுவர் என்பதால் நான் ஒட்டுக் கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"பொண்ணு இங்கயே படிக்கட்டும். கன்னியாஸ்திரீ மடத்துல விட்டுடறேன். உத்தியோகஸ்தர் பிள்ளைன்னா பாதிப் பணந்தான். நீ ஊருக்குப் போயிடு."

"பிள்ளையை விட்டுட்டா?"

"அங்க என்ன படிப்பு இருக்கு அவளுக்கு? இங்க பிரெஞ்சு படிச்சா நாளைக்கு நல்ல எடமா அமையும்."

பெண்ணுக்கு எட்டு வயது, தனக்கொடி என்று பெயர். சௌந்தரம் அழுதாள், காலில் விழுந்தாள், அதையும் கேட்டேன். கடைசியில் அவர் ஒரு கணக்குச் சொன்னார். இதுவரை வீட்டுச் செலவுக்கு மாதம் நாற்பது பியாஸ்தர் கொடுத்துவந்தார், இனிமேல் முப்பதுதான்.

"முப்பதுல நடத்திக் காட்டு, இருந்துக்கோ. ஒரு மாசம் பத்தலைன்னு கையை நீட்டினாலும் கப்பல்தான்."

"நடத்தறேன்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அன்றிலிருந்து சவுக்காரமும் சீனியும் மண்ணெண்ணெயும் அவளுக்குப் பிள்ளையாகிவிட்டன. அவற்றில் ஒன்று குறைந்தாலும் பிள்ளை போய்விடும்.

அந்த வருஷம்தான் எங்கள் கடையில் தேம்பர் கொடுக்கத் தொடங்கினார்கள். வியாபாரம் படுத்துக் கிடந்ததால் ஆட்களை இழுக்கச் செய்த ஏற்பாடு. ஒரு பியாஸ்தருக்குச் சாமான் வாங்கினால் ஐந்து தேம்பர். தபால்தலை அளவில் சிவப்புக் காகிதம், பின்னால் பசை. கடையே கொடுக்கிற புத்தகத்தில் நூறு தேம்பர் ஒட்டிக் கொண்டுவந்தால் சாமான் இனாம். ஒரு புத்தகத்துக்கு இத்தனை கட்டி சவுக்காரம், இரண்டு புத்தகத்துக்கு இத்தனை கிலோ சீனி, மூன்றுக்கு ஒரு டின் மண்ணெண்ணெய், இப்படி ஒரு பட்டியல் சுவரில் தொங்கும். செவ்வாய்க்கிழமை வாங்கினால் தேம்பர் இரட்டை.

சௌந்தரத்துக்குப் பிரெஞ்சு எழுத்து தெரியாது. பட்டியலை என்னிடம் ஒரே தடவை கேட்டாள். மறுநாள் அதை எனக்கே ஒப்பித்தாள்.

"கொசுறு கேட்டா வெள்ளைக்காரன் மொறைப்பான்னு நெனச்சேன். இவனே புத்தகம் அச்சடிச்சுக் கொசுறு குடுக்கறானேம்மா!" என்று சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அபூர்வம்.

முப்பது பியாஸ்தரில் குடும்பம் நடத்துகிறவளுக்கு எத்தனை தேம்பர் சேரும்? அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். பெரிய கடைக்குள் நுழையக் கூச்சப்படும் பெண்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். துணிக்கடை ஹாஜி முகம்மதுவின் மனைவி மதார் பீவி வாசற்படி தாண்டமாட்டார். சௌந்தரம் ஒவ்வொரு வீடாகப் போய், "என்ன வேணும் சொல்லுங்க, நான் வாங்கியாறேன், கூலி ஒண்ணும் வேணாம்" என்றாள். புண்ணியவதி என்று எல்லாரும் வாழ்த்தினார்கள். சாமானும் சில்லறையும் சரியாக வந்து சேர்ந்தன. தேம்பர் என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. எல்லார் வீட்டுச் சாமானையும் செவ்வாய்க்கிழமைக்கு ஒதுக்கி வைத்து, ரிக்‌ஷாவுக்குக் காசு கொடுக்காமல், இரண்டு கையிலும் இரண்டு பையுமாகக் கத்தினா தெருவிலிருந்து வெயிலில் நடந்து வருவாள். தோள்பட்டை இறங்கிப்போயிருக்கும்.

இனி அந்த எச்சில் விஷயத்தைச் சொல்ல வேண்டும். எல்லாரும் தேம்பரின் பின்பக்கத்தை நாக்கில் ஒரு தடவு தடவிப் புத்தகத்தில் ஒட்டுவார்கள். கடையிலேயே நின்று ஒட்டுகிறவர்களும் உண்டு. முதல்முறை அதைப் பார்த்தபோது சௌந்தரம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று சாயங்காலம் என் வாசலில் நின்று கேட்டாள்.

"நாக்குல நக்கி, அதையே கொண்டுபோய் அவங்க கையில குடுக்கறாங்களே. எப்படிம்மா மனசு வருது?"

"வெள்ளைக்காரங்க அதையெல்லாம் பாக்கமாட்டாங்க அக்கா."

"அவங்க பாக்காட்டி போகட்டும். நமக்குச் சாமான் குடுக்கற கை அது. அந்தக் கையில எச்சிப் பண்ணினதை வெக்கலாமா?"

ஆகவே அவள் சோற்றை மசித்துக் கஞ்சிப் பசை கிளறினாள். பூச்சி அரிக்காமல் இருக்க ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டாள். ஈர்க்குச்சியால் தொட்டுத் தொட்டு, தேம்பரின் மேல் ஏற்கெனவே இருந்த பசைக்கும் மேலே பூசி ஒட்டினாள். தனக்கொடி எதிரே உட்கார்ந்து வரிசை பிசகாமல் எடுத்துக் கொடுப்பாள். சௌந்தரத்தின் புத்தகம் மற்றவர்களுடையதைவிடத் தடிமனாக இருக்கும். தேம்பர் ஓரங்களில் லேசாக மஞ்சள் தெரியும். கடைக்கு எடுத்துவரும்போது அதை ஒரு சுத்தமான துணியில் சுற்றிக்கொண்டு வருவாள்.

நானும் அவளுக்குத் தேம்பர் கொடுத்தேன். வெள்ளைக்கார மதாம்கள் பலபேர் இந்தச் சில்லறைச் சமாசாரத்தில் இறங்கமாட்டார்கள். தேம்பரை மேசையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். அப்படி மிஞ்சுவதைச் சாயங்காலம் மானேஜரிடம் ஒப்படைக்க வேண்டும், வேலைக்காரர்கள் எடுத்தால் வேலை போகும். நான் பாதியை ஒப்படைத்துவிட்டு மீதியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வருவேன். சௌந்தரத்தின் மேல் இரக்கப்பட்டு அல்ல. தினமும் ஆறு மணிக்கு அவள் என் வாசலுக்கு வந்து ஒரு தாம்பாளத்தை நீட்டுவாள். நான் மேலிருந்து தேம்பரை அதில் போடுவேன். என் கை அவள் கையில் பட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் தாம்பாளம். தண்ணீருக்கு உள்ள தீட்டு காகிதத்துக்கு இல்லை என்று அவளே ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். போகட்டும். நீட்டுகிறவள் அவள், போடுகிறவள் நான். அந்த ஒரு நிமிஷம் எனக்கு வேண்டியிருந்தது, அதற்காகத்தான் திருடினேன்.

மூன்று மாதம் அவள் முப்பதில் நடத்தினாள். வீட்டில் எதுவும் குறையவில்லை. சவுக்காரம் மிச்சமிருந்தது, விளக்கு எரிந்தது, அவருக்குக் காப்பியில் சீனி போட்டுக் கொடுத்தாள். அவள் பெருமையாக நின்ற அந்த நாலாம் மாதத்தில் சேஷாசலம் சொன்னார்:

"முப்பதே நிறைவா இருக்கே. அப்ப இத்தனை நாளும் நாப்பதை வாங்கி என்ன பண்ணினே? இந்த மாசத்துலேர்ந்து இருபத்தஞ்சு."

பலகைக்கு இந்தப் பக்கம் இருந்த நான் சிரித்துவிட்டேன். சத்தம் கேட்டிருக்கும். மறுநாள் அவள் தாம்பாளத்தோடு வந்தபோது அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "இன்னும் கொஞ்சம் கிடைக்குமா ஜெர்மேன்?" என்று மட்டும் கேட்டாள். அவள் குரல் இறங்கியிருந்தது எனக்குப் பிடித்திருந்தது. அதிகமாகவே எடுத்துவரத் தொடங்கினேன்.

தை மாதத்தில் எங்கள் கடைக்கு வெர்ழே என்று புதிய மானேஜர் வந்தார். வந்ததும் சரக்கறையைச் சரிபார்த்தார். சாமான் கொடுத்து முடித்த பழைய புத்தகங்களை அட்டையில் ஓட்டை போட்டு அங்கேதான் அடுக்கிவைப்பது வழக்கம். அதில் நாற்பது புத்தகங்களைக் காணோம். யாரோ அவற்றைத் திருடி, தேம்பரைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்து, புதுப் புத்தகத்தில் மறுபடி ஒட்டிக் கொண்டுவருகிறார்கள் என்று அவர் முடிவுகட்டினார். அன்றிலிருந்து வரும் புத்தகங்களை எல்லாம் அவரே புரட்டிப் பார்த்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் சௌந்தரம் துணியை அவிழ்த்து ஏழு புத்தகங்களை மேசைமேல் வைத்தாள். அந்த மாதத்துச் சவுக்காரம், சீனி, மண்ணெண்ணெய் எல்லாம் அந்த ஏழில்தான் இருந்தன. இருபத்தைந்து பியாஸ்தரில் அரிசிக்கும் காய்க்கும் போக அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை என்பது எனக்குத் தெரியும். வெர்ழே ஒரு தேம்பரின் முனையை நகத்தால் கிளப்பினார். தடித்த பசை, மஞ்சள் கறை. இன்னொன்றைக் கிளப்பினார், அதுவும் அப்படியே. என்னைக் கூப்பிட்டார்.

"இந்தப் பெண் பேசுவது உனக்குப் புரியுமா?"

"புரியும், மெஸ்யே."

என்னைப் பார்த்ததும் சௌந்தரத்தின் முகம் தெளிந்தது. "நல்ல வேளை, நீ இருக்கே. என்னமோ கேக்கறாரு, ஒண்ணும் புரியலை" என்றாள்.

தேம்பரில் பசை இருக்கும்போது வேறு பசை எதற்கு என்று அவர் கேட்டார். நான் கேட்டுச் சொன்னேன்.

"அடுத்தவங்க கையில குடுக்கறதை எச்சிப் பண்ணிக் குடுப்பாங்களா? அதுவும் சாமான் தர்ற கடை. மரியாதைக்காகத்தான் கஞ்சி காய்ச்சி ஒட்டினேன்னு சொல்லு ஜெர்மேன்."

எச்சிலுக்குப் பிரெஞ்சில் நேரான சொல் கிடையாது. வாயில் ஊறும் நீருக்குச் சொல் உண்டு; வாய் பட்டதால் ஒரு பொருளுக்கு நேரும் கெடுதலுக்குக் கிடையாது. ஆனால் நாலு வாக்கியத்தில் விளக்கிச் சொல்லியிருக்கலாம். எங்கள் வழக்கத்தில் வாய் பட்டதைப் பிறருக்குக் கொடுப்பது அவமரியாதை, உங்களுக்கு மரியாதை செய்வதற்காகத்தான் இவள் பசை காய்ச்சினாள் என்று சொல்ல எனக்கு நன்றாகவே வரும். ஆனால் அந்த நிமிஷத்தில் என் வீட்டுக் காப்பி எல்லாம் நினைவுக்கு வந்தது.

"அழுக்கு என்கிறாள், மெஸ்யே" என்றேன்.

"எது அழுக்கு?"

"உங்கள் வாடிக்கையாளர்கள் நாக்கால் ஒட்டுவது."

அதில் பொய் என்று எதையும் காட்ட முடியாது. வரிசையில் நின்ற மதாம்கள் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். வெர்ழேயின் காது சிவந்தது. இவ்வளவு குறைவாகச் சாமான் வாங்குகிற பெண்ணுக்கு எழுநூறு தேம்பர் எங்கிருந்து வந்தது என்று அடுத்துக் கேட்டார்.

நான் அதைத் தமிழில் சொன்னதும் சௌந்தரம் வெள்ளையாகச் சொன்னாள்: "தெருவுல எல்லாருக்கும் நான்தானே வாங்கிக் குடுக்கறேன். பாதி அதுல வந்தது, பாதி நீ குடுத்தது. உனக்குத் தெரியாததா? சொல்லும்மா."

அவள் சொன்னதை அப்படியே சொன்னால் அன்றே என் வேலை போகும். நாற்பது புத்தகமும் என் தலையில் விழும். பக்கத்து வீட்டுக்காரி வேறு. யோசிக்க அவகாசம் இல்லை என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டது உண்டு. அது பொய். யோசித்துத்தான் சொன்னேன்.

"கிடந்ததை எடுத்ததாகச் சொல்கிறாள், மெஸ்யே."

"எங்கே கிடந்ததை?"

"சொல்லமாட்டேன் என்கிறாள்."

அவர் ஏழு புத்தகங்களையும் இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். சௌந்தரம் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் ஒரு வெற்றுப் புத்தகத்தையும் நூறு தேம்பரையும் அவள் முன்னால் எடுத்துப் போட்டார். இவள் இங்கேயே நின்று மற்றவர்களைப் போல நாக்கால் ஒட்டட்டும், அழுக்கென்றால் என்ன என்று தெரிந்துகொள்ளட்டும், நூறையும் ஒட்டினால் போலீஸைக் கூப்பிடமாட்டேன் என்றார். இந்த ஒன்றை மட்டும் ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன்.

"போலீசா? எதுக்கு? நான் என்ன பண்ணினேன்?"

"ஒட்டிடுங்க அக்கா. போலீஸ் வந்தா உங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சுபோகும்."

அவளுக்கு அதற்குமேல் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தெரிந்தால் கப்பல். முதல் தேம்பரை எடுத்தாள். நாக்கை நீட்டவே அவளுக்குத் தெரியவில்லை, உதட்டில் ஒற்றினாள். அப்படி இல்லை என்று வெர்ழே தன் நாக்கை நீட்டிக் காட்டினார். ஒரு மதாம் சிரித்தாள், அவளோடு வந்த குழந்தையும் நாக்கை நீட்டியது. சௌந்தரம் கண்ணை மூடிக்கொண்டு நக்கினாள். பத்து, இருபது, முப்பது. கண்ணீர் மூக்கில் இறங்கி உதட்டுக்கு வந்து அந்தத் தேம்பர்களிலேயே பட்டது. நாற்பது தாண்டியதும் நாக்கு சிவந்து வறண்டுவிட்டது, தேம்பர் நாக்கிலேயே ஒட்டிக்கொண்டது. அவள் அதைப் பிய்த்து எடுத்தாள்.

"தண்ணி" என்றாள் என்னிடம்.

என் மேசையில் நான் குடித்து மிச்சம் வைத்த தம்ளர் இருந்தது. வேறு தம்ளர்களும் கடையில் இருந்தன. நான் அதைத்தான் எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைப் பார்த்தாள், வாங்கினாள், வாய் வைத்துக் குடித்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

நூறையும் முடித்தாள். வெர்ழே அந்தப் புத்தகத்தையும் வாங்கிக் குப்பைக்கூடையில் போட்டார். போகலாம் என்று கையைக் காட்டினார். சாமான் எதுவும் இல்லாமல், அந்தத் துணியை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு அவள் வெளியே போனாள்.

வரிசையில் நின்ற மதாம்களில் ஒருத்தியின் புருஷன் நிலவரி ஆபீசில் மேலதிகாரி. இரண்டே நாளில் சேதி சேஷாசலத்தின் மேசைக்குப் போய்விட்டது. அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் அவர் என் வாசலுக்கு வந்தார். அவரை நான் மிருகம் என்று சொல்லமாட்டேன். பணத்தைத் தவிர வேறெதையும் பார்க்கத் தெரியாத மனிதர், அவ்வளவுதான்.

"மாம்செல், நீங்க அங்க இருந்தீங்களாமே. என் சம்சாரம் திருடலைன்னு சத்தியம் பண்றா. தேம்பர் நீங்க குடுத்ததுங்கறா. நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் அவளை அனுப்பலை. மாசம் நாப்பதாவே குடுத்துடறேன்."

அவர் உண்மையாகவே கேட்டார், முகத்தில் தெரிந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் சௌந்தரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் எனக்குத் தெரிந்தது. ஆமா என்று சொன்னால் அவர் நாளைக்கே ஆபீசில் தன் மானத்தைக் காப்பாற்ற அதைச் சொல்லுவார். மேலதிகாரி வெர்ழேயிடம் சொல்லுவார்.

"நான் வெறும் மொழிபெயர்ப்புதான் செய்தேன், மெஸ்யே. வேறு எதுவும் எனக்குத் தெரியாது" என்றேன். பக்கத்துக்குக் கேட்காதபடி மெதுவாக, பிரெஞ்சில் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நான் சொன்னதை அவர் அவளிடம் சொன்னதாகத் தெரியவில்லை. மறுநாள் கப்பலுக்குச் சீட்டு வாங்கினார், ஒரே ஒரு சீட்டு.

கப்பல் புறப்பட நாலு நாள் இருக்கும்போது காணாமல் போன நாற்பது புத்தகங்களும் கிடைத்தன. மூட்டை கட்டுகிறவன் அவற்றைக் கிழிசல் காகிதம் என்று நினைத்து, வெளியூருக்கு அனுப்பும் பீங்கான் பெட்டிகளில் அடைகொடுத்திருக்கிறான். ஒரு பெட்டி திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது. வெர்ழே விழுந்து விழுந்து சிரித்தார், என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். நானும் சிரித்தேன். ஓடிப்போய்ச் சேஷாசலத்திடம் சொல்ல எனக்கு நாலு நாள் இருந்தது. சொன்னால், அப்படியானால் எழுநூறு தேம்பர் எப்படி வந்தது என்ற கேள்வி மட்டும் மிஞ்சும். அந்தக் கேள்விக்குப் பயந்து நாலு நாளும் வேலைக்குப் போய் வந்தேன்.

புறப்படுகிற அன்று காலையில் சௌந்தரம் வந்தாள். இத்தனை வருஷமும் வாசலோடு நின்றவள், நேரே உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒரு வாய் காப்பி குடு ஜெர்மேன்" என்றாள்.

கொடுத்தேன். இரண்டு கையாலும் தம்ளரைப் பிடித்துக் குடித்தாள்.

"அவருகிட்ட நீ எனக்காகப் பேசினது தெரியும். என்ன பேசினேன்னு கேக்கலை, பிரெஞ்சுல பேசினா நல்லாத்தான் பேசியிருப்பே. நீ சொல்லியும் அவரு நம்பலை, அதுக்கு நீ என்ன பண்ணுவே? அன்னிக்குக் கடையிலயும் நீ இல்லாட்டி என்னைப் போலீசுல புடிச்சுக் குடுத்திருப்பாங்க. உன்னைப் போயி இத்தனை நாளா வெளியிலயே நிறுத்தி வெச்சேனே. அதுக்குத்தாம்மா எனக்கு இந்தத் தண்டனை."

அவள் அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போறப்ப மடத்துல புள்ளையை ஒரு எட்டுப் பாத்துட்டு வா. எனக்கு உன்னை விட்டா இங்க யாரு? அம்மா சீக்கிரம் வந்துடுவேன்னு சொல்லு."

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை போனேன். மடத்தில் தமிழ் பேசக்கூடாது. தனக்கொடி வெள்ளைச் சட்டை போட்டு, முடியை இறுக்கிப் பின்னி, ஒரு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அம்மா சீக்கிரம் வருவாள் என்று சொன்னேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புதிதாகப் படித்த பிரெஞ்சில் ஒவ்வொரு சொல்லாக அடுக்கிக் கேட்டாள்.

"அம்மா திருடினாள் என்று அப்பா சொன்னார். நீங்கள் அங்கே இருந்தீர்களாம். உண்மையா?"

இல்லை என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். எட்டு வயதுப் பிள்ளை. ஆனால் அது அப்பாவிடம் போய்ச் சொல்லும்.

"அதையெல்லாம் நீ கேட்கக் கூடாது. நல்ல பிள்ளையாகப் படி" என்றேன்.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நான் கொண்டுபோன மிட்டாயை எடுத்துக்கொண்டாள். அதன் பிறகு அம்மாவைப் பற்றி அவள் என்னிடம் எதுவுமே கேட்டதில்லை.

காரைக்காலிலிருந்து மாதம் ஒரு கடிதம் வரும். சௌந்தரம் யாரையாவது பிடித்து எழுதச் சொல்லி அனுப்புவாள். தனக்கொடி அவற்றைப் பிரிக்காமல் பெட்டியின் அடியில் போட்டுவைத்திருந்தாள். இரண்டு வருஷம் கழித்து எனக்கே ஒரு கடிதம் வந்தது. பிள்ளை ஒரு வரிகூடப் பதில் போடுவதில்லை, உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டதா, மறைக்காமல் எழுது ஜெர்மேன், உன்னை நம்பித்தான் இருக்கிறேன் என்று எழுதியிருந்தது. அதை மடத்துக்கு எடுத்துப்போய்ப் படித்துக் காட்டினேன். பெண்ணுக்கு அப்போது பத்து முடிந்து பதினொன்று நடந்தது. தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"திருடிக்கு நான் என்ன எழுதுவது, மாம்செல்?" என்றாள், சுத்தமான பிரெஞ்சில்.

வீட்டுக்கு வந்து சௌந்தரத்துக்குப் பதில் எழுதினேன். பிள்ளை சௌக்கியமாக இருக்கிறாள், படிப்பு அதிகம், அதனால்தான் எழுத நேரமில்லை, உங்களைத் தினமும் கேட்கிறாள் என்று எழுதினேன். காரைக்காலில் யாராவது அதை அவளுக்குப் படித்துக் காட்டியிருப்பார்கள். நான் சொன்னதாயிற்றே, அப்படியே நம்பியிருப்பாள்.